பாரங்குறைந்த காருக்கு ஏற்ற பிரேக்

மோட்டார் காரின் பெருமையைப் பேசுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தையே பேசுவர். மணிக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும், எத்தனை செக்கனில் அந்த வேகத்தை எட்டும் என்பனவே அவர்கள் கேட்கும் கேள்விகள். எத்தனை மீற்றருக்குள் நிற்கும், நிற்கும்போது நேராக நிற்குமா என்று கேட்பவர் மிகச் சிலரே. ஆயினும், ஒரு கார் எவ்வளவு வேகமாக ஓடலாம் என்பதை முடிவுசெய்வது அதன் இயந்திரம் மட்டுமன்று, அதன் பிரேக்குந்தான். அடக்க முடியாத வேகம் சாரதிக்குச் சொந்தமான வேகமாகாது.

இவ்வுண்மை 1953ஆம் ஆண்டு பிரான்ஸ் தேசத்து லெ மான் நகரில் நடைபெற்ற 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில் உலகறியப் புலனாயிற்று. அப்பந்தயத்தில் இங்கிலாந்தின் ஜாகுவார் நிறுவனத்துச் சி-டைப் கார்கள் டிஸ்க் பிரேக்குகளைப் பூண்டு ஓடின. டன்லொப் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கப்பட்ட பிரேக்குகள் அவை. டோனி ரோல்ற், டங்கன் ஹமில்டன் என்னும் இருவர் மாறிமாறிச் செலுத்திய கார் வெற்றி பெற்றது. அதன் சராசரி வேகம் மணிக்கு 170 கிலோமீற்றர். லெ மான் பந்தயத்தில் மணிக்கு 100 மைல் என்னும் சராசரியை ஒரு கார் கடந்தது அதுவே முதன்முறை. நீண்ட நேர்வீதியின் முடிவிலே கூரிய வளைவொன்று வரும். அவ்வளைவை அணுகும்போது, டிஸ்க் பிரேக் பூண்ட காரின் சாரதி ஏனையோரைக் காட்டிலும் சற்றுப் பிந்தியே பிரேக்கை மிதிக்கலாம். ஒவ்வொரு சுற்றிலும் அவருக்குக் கிடைத்த அச்சிறு இலாபம் மணிக்கணக்கில் பெருகிப் பெருவெற்றியாயிற்று.

டிஸ்க் பிரேக்குக்கு முன்னர் வழக்கில் இருந்தது டிரம் பிரேக். சில்லோடு சேர்ந்து சுழலும் ஓர் இரும்புக் கிண்ணத்தின் உட்புறத்தை, வளைந்த இரண்டு பிரேக் சூக்கள் விரிந்து அழுத்துவதே அதன் செயல்முறை. இடைவிடாது மிதித்தால் கிண்ணம் சூடேறி விரிந்து சூக்களை விட்டு விலகும், உராய்வுப் பொருளும் பிடிப்பை இழக்கும், மிதி கீழே இறங்கும், கார் நில்லாது. டிஸ்க் பிரேக்கிலோ சில்லோடு சுழல்வது ஒரு தட்டு. காலிப்பர் எனப்படும் கவ்வி, இரு பக்கமும் வைத்த பேட்டுகளால் அத்தட்டைப் பற்றிப் பிடிக்கும். தட்டு காற்றிலே திறந்து நிற்பதால் விரைவில் ஆறும். சூட்டினால் தடித்தாலும், பேட்டுகளை நோக்கியே தடிக்கும். ஆகவே அதன் பிடி எளிதில் தளர்வதில்லை.

இவ்வளவும் கேட்ட ஒருவர், மிகப் பெரிய டிஸ்குகளை நான்கு சில்லுகளுக்கும் பூட்டிவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணக்கூடும். பாரங்குறைந்த ஸ்போர்ட்ஸ் காரைப் பொறுத்தவரை, அவ்வெண்ணம் உயிருக்கே உலை வைக்கக்கூடியது. அது ஏன் என்பதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

பாரங்குறைந்த காரின் வரலாற்றில் மறக்கவியலாத பெயர் கொலின் சாப்மன். இங்கிலாந்தைச் சேர்ந்த இப்பொறியியலாளர் நிறுவிய லோட்டஸ் நிறுவனம் 1957இல் லோட்டஸ் செவன் என்ற காரை வெளியிட்டது. கதவில்லை, நிலையான கூரையில்லை, வேண்டாத இரும்பு ஒரு துண்டும் இல்லை என்று சொல்லத்தக்க கார் அது. பலர் அதனைப் பகுதிகளாக வாங்கித் தம் வீட்டிலேயே பூட்டிக்கொண்டனர். தொடக்கத்தில் வந்த செவனுக்கு நான்கு சில்லுகளிலும் டிரம் பிரேக்கே இருந்தது. வலுக்கூடிய பிற்காலத்துச் செவன்கள் முன்னே டிஸ்கும் பின்னே டிரமும் பெற்றன. 1962இல் வந்த லோட்டஸ் எலான் நான்கு சில்லுகளிலும் டிஸ்க் பிரேக் பூண்டது; அதன் நிறை 700 கிலோகிராமுக்கும் குறைவு. செவனை உற்பத்தி செய்யும் உரிமை 1973இல் கேற்றர்ஹாம் நிறுவனத்துக்குக் கைமாறியது. அவ்வகைக் கார்களைத் தம் கையாலேயே பூட்டும் ஆர்வலர் இன்றும் உளர். பிரேக்கைத் தெரிவுசெய்யும் பொறுப்பு அவர்களுடைய கையிலேயே வந்து சேர்கின்றது.

பிரேக்கின் வேலை யாது? காரின் இயக்கச் சக்தியை வெப்பமாக மாற்றுவதே அதன் வேலை. சாரதியோடு சேர்த்து 600 கிலோகிராம் நிறையுள்ள கார் ஒன்று மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். அதனிடம் உள்ள இயக்கச் சக்தி ஏறத்தாழ 230 கிலோஜூல். சாதாரண வெப்பநிலையில் உள்ள முக்கால் லீற்றர் தண்ணீரைக் கொதிக்கச் செய்வதற்கு அது போதும். காய்ந்த வீதியில் முழுப் பலத்தோடு பிரேக் பிடித்தால் அவ்வளவு வெப்பமும் ஏறத்தாழ மூன்று செக்கனில் பிறந்துவிடும். வேகம் இரட்டித்தால் இவ்வெப்பம் நான்கு மடங்காகும். நிறை இரட்டித்தால் இரண்டு மடங்காகும்.

இக்கணக்கே பாரங்குறைந்த காருக்குப் பெரிய நன்மை. 1200 கிலோகிராம் காரின் பிரேக் ஏற்க வேண்டிய வெப்பத்தில் பாதியை மட்டுமே இக்காரின் பிரேக் ஏற்க வேண்டும். ஆகவே சிறிய டிஸ்கே போதும். தேவைக்கு மேற்பட்ட பெரிய டிஸ்க், சில்லோடு தொங்கும் வீண்பாரமாகிவிடும். வில்லின் மேல் தாங்கப்படாத அப்பாரம் கூடக் கூட, மேடுபள்ளத்தில் சில்லு துள்ளும். துள்ளும் சில்லு நிலத்தைப் பற்றாது. மற்றொரு கேடும் உண்டு. பந்தயத்துக்கென ஆக்கப்பட்ட கடினமான பேட்டுகள் நன்றாகச் சூடேறிய பின்னரே பிடிக்கும். பாரங்குறைந்த காரில், அதுவும் பெரிய டிஸ்கில், நாளாந்த ஓட்டத்தின்போது அச்சூடு பிறப்பதேயில்லை. காலையில் வீட்டிலிருந்து புறப்பட்டு முதற் சந்தியில் மிதிக்கும்போது, பந்தயப் பேட்டைக் காட்டிலும் சாதாரண பேட்டே நம்பத்தக்கது.

இனிச் சமநிலையைப் பற்றி நோக்குவோம். ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும் பிரயாணிகள், சாரதி திடீரெனப் பிரேக் பிடித்ததும் முன்னே சாய்வதை யாவரும் கண்டிருப்பர். பிரயாணிகள் மட்டுமன்றி, வாகனத்தின் நிறையும் அவ்வாறே முன்னே சாய்கின்றது. முன்சில்லுகளின் மேல் பாரம் கூடுகின்றது. பின்சில்லுகளின் மேல் அதே அளவு குறைகின்றது. எவ்வளவு கூடும் என்பது நான்கு காரியங்களைப் பொறுத்தது. பிரேக் பிடிக்கும் கடுமை, காரின் நிறை, அதன் புவியீர்ப்பு மையம் நிலத்திலிருந்து நிற்கும் உயரம், முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையிலுள்ள தூரம் என்பனவே அவை.

மேற்கூறிய 600 கிலோகிராம் கார் நிற்கும்போது முன்னும் பின்னும் 300 கிலோகிராம் வீதம் தாங்குவதாகவும், அதன் மையம் 45 சென்ரிமீற்றர் உயரத்தில் இருப்பதாகவும், அச்சுகளின் இடைத்தூரம் 2.25 மீற்றர் எனவும் வைத்துக்கொள்வோம். காய்ந்த வீதியில் நல்ல ரயர்கள் தம்மேல் உள்ள பாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு அளவான பிடிப்பைத் தருமாயின், முழுப் பிரேக்கின்போது 108 கிலோகிராம் பாரம் பின்னிருந்து முன்னே செல்லும். முன்னே 408, பின்னே 192 என்று ஆகும். நூற்றுவீதத்திற் கூறினால் முன்னே 68, பின்னே 32. பிரேக்கின் பலமும் அந்த விகிதத்திலேயே பங்கிடப்பட்டால் நான்கு ரயர்களும் தத்தம் முழுப் பிடிப்பையும் தரும். இதுவே பிரேக்கின் சமநிலை.

மழை பெய்து வீதி நனைந்திருந்தால் கணக்கு மாறும். பிடிப்பு பத்தில் நான்கு பங்காகக் குறையுமாயின், முன்னே செல்லும் பாரம் 48 கிலோகிராமே. அப்பொழுது தகுந்த விகிதம் 58க்கு 42. ஆகவே எல்லா வீதிக்கும் எல்லா வேளைக்கும் பொருந்தும் ஒரே விகிதம் கிடையாது. ஏதோ ஒரு பக்கம் சற்றே தவறத்தான் வேண்டும். எந்தப் பக்கம் தவறுவது குற்றமற்றது என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடை காண, பூட்டிக்கொண்ட சில்லின் இயல்பை அறிதல் வேண்டும். உருளும் ரயர் பக்கவாட்டில் வழுக்காமல் நிலத்தைப் பற்றிக்கொள்ளும். உருளாது சறுக்கும் ரயருக்கு அவ்வாற்றல் இல்லை. முன்சில்லுகள் முதலிற் பூட்டினால் கார் நேராகவே சறுக்கும். சுக்கானைத் திருப்பினாலும் திரும்பாது என்பது உண்மை. ஆனால் மிதியிலிருந்து காலைச் சற்றே தளர்த்தியதும் சில்லு உருளும், சுக்கானும் வசப்படும். பின்சில்லுகள் முதலிற் பூட்டினாலோ, வாலில் சிறகில்லாத அம்பு தடுமாறுவதுபோலக் காரின் பின்புறம் தடுமாறும். சிறிதளவு விலகல் கணத்துக்குக் கணம் பெருகும். கண்மூடித் திறப்பதற்குள் பின்புறம் முன்னே வந்துவிடும். சாரதிக்கு அதனை மீட்க நேரம் இராது. ஆகவே தவறினால் முன்பக்கமே தவற வேண்டும். காய்ந்த வீதிக்கென 68க்கு 32 என அமைத்த கார், ஈர வீதியில் முன்சில்லையே முதலிற் பூட்டும். ஈர வீதிக்கென 58க்கு 42 என அமைத்த காரோ, காய்ந்த வீதியில் முழுப் பிடிப்பை எட்டுமுன்பே பின்சில்லைப் பூட்டிவிடும்.

இப்பொழுது, இங்கிலாந்தில் ஓர் இளைஞன் தன் வீட்டுக் கொட்டகையில் இவ்வகைக் கார் ஒன்றைப் பூட்டுவதாகக் கற்பனை செய்வோம். பெரிய காரொன்றிலிருந்து கழற்றிய டிஸ்குகளும் காலிப்பர்களும் அவனுக்கு மலிவாகக் கிடைக்கின்றன. நான்கும் ஒரே அளவு. அவற்றை அப்படியே நான்கு சில்லுகளுக்கும் பூட்டுகின்றான். கார் பார்வைக்கு மிடுக்காக இருக்கின்றது. நகரத்து வீதியில் ஓட்டுகின்றான். சந்திக்குச் சந்தி நிறுத்துகின்றான். யாதொரு குறையும் தெரியவில்லை. நாளாந்த ஓட்டத்தில் எவரும் ரயரின் முழுப் பிடிப்பையும் கேட்பதில்லை. அதில் மூன்றில் ஒரு பங்கோடு அமைந்துவிடுகின்றனர். வாரங்கள் கழிகின்றன, மாதங்கள் கழிகின்றன. அவனுடைய நம்பிக்கையும் வளர்கின்றது.

ஒருநாள் வளைவொன்றைக் கடந்ததும், வீதியின் குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருகின்றது. அன்றுதான் அவன் முதன்முறையாக முழுப் பலத்தையும் கொண்டு மிதிக்கின்றான். சரிபாதியாகப் பங்கிடப்பட்ட பிரேக், வீதி தரக்கூடிய பிடிப்பில் முக்காற் பங்கை எட்டுமுன்னரே பின்சில்லுகளைப் பூட்டிவிடுகின்றது. கார் சுழல்கின்றது. அது எங்கே போய் நிற்கும் என்பது அதன்பின் அவன் கையில் இல்லை. பிரேக்கின் சமநிலைக் குறைபாடு எல்லா நாளும் ஒளிந்திருந்து, ஒரேயொரு நாளில் வெளிப்படும் குறைபாடு. அந்நாளிலே திருத்துவதற்கு அவகாசமில்லை. ஆதலால், காரைப் பூட்டும் நாளிலேயே அதனைத் தேடிக் கண்டுபிடித்தல் வேண்டும்.

அவ்விளைஞன் செய்திருக்க வேண்டியது யாது? முன்சில்லுக்குப் பெரிய டிஸ்கையும் பெரிய பிஸ்டன்களையுடைய காலிப்பரையும், பின்சில்லுக்கு அவற்றிலும் சிறியவற்றையும் தெரிந்திருக்க வேண்டும். பின்னே டிரம் பிரேக் இருந்தாலும் பழுதில்லை. பின்சில்லின் வேலை சிறிது. கைப்பிரேக்கை டிரமில் அமைப்பதும் எளிது. ஆயினும் இயந்திரம் பின்னே அமைந்த கார்களுக்கு இவ்விகிதம் மாறுபடும். 1996இல் வெளிவந்த லோட்டஸ் எலீஸ் இயந்திரத்தை ஆசனங்களுக்குப் பின்னே கொண்டது. அதன் பின்சில்லுகளின் மேல் எப்பொழுதும் பாரம் கூடுதலாதலால், பின்பிரேக்கும் கூடுதலான பங்கை ஏற்கலாம். ஒரு காருக்குப் பொருந்தியது மற்றொரு காருக்கும் பொருந்தும் என்று நம்புதல் தவறு.

அடுத்ததாக மாஸ்டர் சிலிண்டரை நோக்க வேண்டும். சாரதியின் காற்பலத்தைத் திரவ அமுக்கமாக மாற்றுவது அதுவே. அதன் துளை சிறிதாயின் மிதி இலகுவாகும், ஆனால் நெடுந்தூரம் இறங்கும். துளை பெரிதாயின் மிதி சிறிதே இறங்கும், ஆனால் கடினமாகும். ஐந்தின்மேல் எட்டு அங்குலத் துளைக்குப் பதிலாக முக்கால் அங்குலத் துளையை வைத்தால், வேறுபாடு மூன்று மில்லிமீற்றரே. ஆயினும் அதே அமுக்கத்தைப் பெறுவதற்குக் கால் 44 நூற்றுவீதம் கூடுதலாக அழுத்த வேண்டும். பாரமான கார்களில் இயந்திரத்தின் வெற்றிட உறிஞ்சலைக் கொண்டு இயங்கும் சேர்வோ என்னும் துணைக்கருவி காலுக்கு உதவி செய்யும். பாரங்குறைந்த காருக்கு அது வேண்டியதில்லை. 1996ஆம் ஆண்டின் எலீஸ் சேர்வோ இன்றியே வெளிவந்தது. துணையின்றி இயங்கும் பிரேக்கில், ரயர் வழுக்கத் தொடங்கும் எல்லையைச் சாரதி தன் பாதத்தாலேயே உணர்வான். சில்லு பூட்டாமல் காக்கும் மின்னணுக் கருவி இக்காலத்துச் சாதாரண கார்களில் உண்டு. அஃது இல்லாத இலகு கார்களில் சாரதியின் பாதமே அக்கருவி.

பங்கீட்டை நுணுக்கமாகத் திருத்துவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முன்பிரேக்குக்கும் பின்பிரேக்குக்கும் தனித்தனி மாஸ்டர் சிலிண்டர் வைத்து, இரண்டையும் ஒரு சமநிலைக் கோலால் இணைப்பது. கோலின் தாங்குபுள்ளியை முன் சிலிண்டரின் பக்கம் நகர்த்தினால் முன்பங்கு கூடும். தராசின் நடுமுள்ளை நகர்த்துவது போன்றது அது. மற்றொன்று, பின்பிரேக்குக்குச் செல்லும் குழாயில் அமுக்கத்தைக் குறைக்கும் வால்வு ஒன்றை வைப்பது. எனினும் இவை சிறுபிழையைத் திருத்துவதற்கு ஏற்றவையே அன்றிப் பெரும்பிழையை மறைப்பதற்கு உரியவையல்ல. டிஸ்கும் பிஸ்டனும் தகுந்த அளவில் தெரியப்பட்ட பின்னரே அவற்றுக்கு வேலை உண்டு.

சமநிலை ஒருமுறை அமைத்துவிட்டால் என்றும் நிலைக்கும் என்பதும் இல்லை. பிடிப்புக் கூடிய ரயர்களை மாட்டினால், பிரேக் மேலும் கடுமையாகப் பிடிக்கும். பாரம் மேலும் முன்னே செல்லும். முன்னர் கூறிய காருக்குத் தன் பாரத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு மேலான பிடிப்புத் தரும் ரயர்கள் கிடைத்தால், தகுந்த விகிதம் 72க்கு 28 ஆகிவிடும். நேற்றுவரை குற்றமற்றிருந்த 68க்கு 32, இன்று பின்சில்லைப் பூட்டும் விகிதமாகிவிடுகின்றது. பிரேக்கைத் தொடாமலே பிரேக் கெட்டுவிட்டது. பாரங்குறைந்த காரில் ஏறும் இறங்கும் பாரமும் பெரிது. பின்னேயுள்ள தாங்கியில் 40 லீற்றர் பெற்றோல் தீர்ந்தால் 30 கிலோகிராம் அளவு பாரம் குறைகின்றது. அது காரின் நிறையில் இருபதில் ஒரு பங்கு. ஆகவே தாங்கியில் எரிபொருள் குறைந்திருக்கும் நிலையையும் கருத்திற் கொண்டே சமநிலையை அமைத்தல் வேண்டும்.

பிரேக் எண்ணெயும் கவனத்துக்குரியது. டொட் 4 என்னும் தரத்தைச் சேர்ந்த புதிய எண்ணெய் குறைந்தது 230 பாகை செல்சியஸ்வரை கொதியாது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய நிலையில் அதற்குரிய எல்லை 155 பாகையே. எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி புகும், ஆவி அழுத்தத்துக்கு நசுங்கும், மிதி தரையைத் தொடும், பிரேக் பிடியாது. வேறெல்லாம் சரியாக இருந்தும், பழைய எண்ணெய் ஒன்றே உயிருக்கு எமனாகலாம்.

ஈற்றில் வருவது சோதனை. கணக்கு எவ்வளவு சரியாயினும் காரை வீதிக்குக் கொண்டுவருமுன், ஆள் நடமாட்டமில்லாத விசாலமான தனியிடத்தில் அதனைச் சோதித்தல் இன்றியமையாதது. முதலிற் புதிய பேட்டுகளைப் பலமுறை மிதமாகப் பிடித்துத் தட்டோடு பொருந்தச் செய்ய வேண்டும். பின்னர், காய்ந்த தரையில், குறைந்த வேகத்திலிருந்து தொடங்கி, படிப்படியாகக் கடுமையைக் கூட்டி மிதிக்க வேண்டும். பாதுகாப்பான தூரத்தில் ஒருவர் நின்று, எந்தச் சில்லு முதலிற் பூட்டுகின்றது என்று உற்று நோக்க வேண்டும். பின்சில்லு முந்துமாயின் பின்பங்கைக் குறைக்க வேண்டும். முன்சில்லு சற்றே முந்தி, பின்சில்லு அதனை அடுத்து வருமாயின் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ரயரை மாற்றினால், பேட்டை மாற்றினால், இயந்திரத்தை மாற்றினால், இச்சோதனையை மறுபடியும் செய்தல் வேண்டும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது முதியோர் வாக்கு. பிரேக்கும் அதற்கு விலக்கன்று. மிகப் பெரியதை வாங்கிப் பூட்டுவதற்குப் பணம் போதும். தகுந்ததைத் தெரிந்து சமன்செய்வதற்குப் பொறுமை வேண்டும். கற்பனையில் வந்த அவ்விளைஞன் தன் காரை ஒரு நாட்காலை தனியிடத்துக்குக் கொண்டுசென்று முழுப் பலத்தோடு மிதித்துப் பார்த்திருந்தால், கார் வெறுந்தரையிலே ஒருமுறை சுழன்றிருக்கும். அவனும் பிழையை அறிந்து திருத்தியிருப்பான். வளைவுக்கு அப்பால் ஓடிவந்த குழந்தையும், பூட்டாத சில்லுகளோடு நேராக வந்து நின்ற காரைத் திகைப்போடு பார்த்துவிட்டுத் தன் வழியே போயிருக்கும்.